குப்பைமேட்டுக் கிணறு

மாம்பலத்தைப் பற்றி யாராவது பெருமையடித்துக்கொண்டால் நான் இன்றைக்கும் எழுந்து உள்ளே போய்விடுவேன். அகலத் தெரு, வரிசையாக மரம், நடுவில் பூங்கா, வாசலில் பஸ் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்தத் தெருக்களில் ஒன்றுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான். பார்த்ததோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அதைக் குடித்தும் இருக்கிறேன்.

நான் கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்தபோது அந்தப் பக்கமெல்லாம் ஏரி. மயிலாப்பூரின் மேற்கு ஓரத்திலிருந்து தேனாம்பேட்டை, நுங்கம்பாக்கம் என்று வளைந்து நீண்டு கிடந்த பெரிய ஏரி. மவுண்ட் ரோடில் ஜட்காவில் போனால் ஒரு பக்கம் தண்ணீர் கூடவே வரும். வெள்ளைக்காரர்கள் அதில் படகுப் பந்தயம் விடுவார்கள் என்று என் கணவர் சொல்வார். நான் பார்த்த கோடைக்காலங்களில் எருமைகள்தான் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தன. ஏரிக்கு அந்தண்டை நெல் வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. தெற்கே சைதாப்பேட்டையும் அடையாறும். ஊர் பெருத்துப்போய் வீடு கட்ட இடம் போதவில்லை என்றதும் ஏரி யாருக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. கரையை வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். பிறகு பள்ளத்தைத் தூர்த்து வீட்டு மனை போட்டார்கள்.

எதைப் போட்டுத் தூர்த்தார்கள் என்பதுதான் விஷயம். மேடான இடங்களில் நல்ல மண்ணாகவே போட்டார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் மனை இருந்த மூலை ஆழமான பள்ளம். அதை நிரப்ப ஒப்புக்கொண்ட ஆசாமி வண்டிக்கூலி கொடுத்து வெளியூர் மண்ணை வாங்குவானா? ஊர்க் குப்பை சும்மா கிடைக்கிறது. சந்தையில் அழுகின காய், இறைச்சிக் கடையில் கழித்தது, குதிரைலாயத்துச் சாணி, கிழிந்த பாய், ஆஸ்பத்திரித் துணி, எல்லாம் மாட்டு வண்டிகளில் வந்து விழுந்தன. மேலே ஓரடிக்குச் செம்மண்ணைப் பரப்பி உருளை ஓட்டிவிட்டான். பார்வைக்கு அவ்வளவு அழகாக இருந்தது, கோலம் போடலாம் போல.

அந்த மனையைத்தான் என் மாமனார் வாங்கினார். அவர் கோர்ட்டில் சிரஸ்ததாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டவர். ஆசாரத்தில் கெட்டி. அவர் ஆசாரம் முழுவதும் தண்ணீரில் வந்து நின்றது. எதைச் சாப்பிட்டாலும், எதைத் தொட்டாலும், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பார். ஊரில் குழாய் வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்குள் அது வரவில்லை. குழாயின் திருகுக்குள் தண்ணீர் ஒழுகாமல் இருக்கத் தோலில் ஒரு வளையம் வைத்திருக்கிறார்களாம். செத்த மாட்டின் தோலைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீர் பூஜைக்கு ஆகுமா, அடுப்புக்கு ஆகுமா?

"தோல் ஜலம்" என்றுதான் சொல்வார். குழாய் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது.

மாட வீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் பழைய வீட்டில் கிணறு இரண்டு குடித்தனங்களுக்குப் பொது. அடுத்த குடித்தனக்காரர் குழாய் வைத்துக்கொண்டார். குழாயைத் திருகின கையோடு அந்த வீட்டுப் பெண்கள் வந்து கிணற்றுக் கயிற்றைத் தொடுகிறார்கள் என்று மாமனாருக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் வீட்டுக் கொல்லையில் எடுப்புக் கக்கூஸ். சந்து வழியாக ஒருத்தி வந்து வாளியைத் தூக்கிப் போவாள். அவள் போகிற வழியெல்லாம் சொட்டும். சந்தில் சொட்டினது மழையில் கரைந்து எங்கே போகிறது, கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அவள் வந்துபோனால் மட்டும் அவர் மறுபடி குளிப்பார். தனக்கென்று தனியாக, யாரும் தொடாத ஒரு கிணறு வேண்டும் என்றுதான் அவர் மயிலாப்பூரை விட்டதே. காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் மாம்பலம் போனவர்கள் உண்டு. நாங்கள் மடி ஆசாரத்துக்காகப் போனோம்.

கிணறு வெட்டினபோது நான் அங்கே இருந்தேன். பாதி எழும்பின சுவரின் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மண் முதல் நாளே தீர்ந்துபோயிற்று. அப்புறம் வந்தது மண் இல்லை. கறுப்பாக, ஈரமாக, கூழாக இருந்தது. அதில் உடைந்த சட்டி, தேங்காய் மட்டை, தலைமயிர்ச் சுருள், எலும்பு. கூலியாட்கள் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கூடையைத் தூக்கினார்கள். ஒரு கூடையில் ஒரு பூட்ஸ் வந்தது. சிப்பாய் பூட்ஸ், கணுக்கால் வரைக்கும் இருக்குமே, அது. ஊறிப் பருத்து, வாயைப் பிளந்துகொண்டு, உள்ளே புழு நெளிந்தது.

மாமனாரும் பார்த்தார். இவர் இப்போது என்ன செய்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோல் வளையத்துக்கே ஊரை விட்டவர், முழு பூட்ஸைப் பார்த்தால் தேசத்தையே விட்டுப் போக வேண்டாமா?

"ஊத்து இன்னும் வரலையே," என்றார் நிதானமாக. "ஜலம் வரதுக்கு முன்னாடி வந்தது தோஷமில்லை. பூமி எதையும் சுத்தி பண்ணிடும்."

அத்தோடு விடவில்லை. ஊற்று கண்டதும் சாஸ்திரிகளை வரவழைத்துக் கிணற்றைச் சுத்தி செய்தார். பால், தயிர், நெய், பசுவின் மூத்திரம், சாணம் ஐந்தையும் கலந்து மந்திரம் சொல்லிப் பஞ்சகவ்யத்தைக் கிணற்றுக்குள் ஊற்றினார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்தது போதாதென்று சாணியும் போயிற்று. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்ய?

புது வீட்டில் குடியேறினோம். மழை பெய்தால் முற்றம் உள்வாங்கும். காலையில் கோலம் போட்ட இடம் சாயங்காலம் குழியாக இருக்கும், குழியில் கந்தல் எட்டிப் பார்க்கும். தவளையும் கொசுவும் ஏரி போய்விட்டதை நம்பவே இல்லை. கொசுவை அடித்து அடித்து என் உள்ளங்கை சிவந்தே இருந்தது. கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது தெளிவாகத்தான் இருக்கும். பித்தளைக் குடத்தில் ஒரு ராத்திரி நின்றால் மேலே எண்ணெய் போல ஒரு ஏடு படியும். நான் தெளிவதற்காகத் தேத்தாங்கொட்டையை இழைத்து இழைத்துப் போடுவேன், வெட்டிவேரைப் போடுவேன். தண்ணீர் வெட்டிவேர் மணக்கும், அதற்கு அடியில் பழைய நாற்றமும் மணக்கும்.

என் கணவர் பீச் பக்கத்தில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலையில் மின்சார ரயிலில் போனால் சாயங்காலம் வருவார். ஆபீஸுக்குப் பக்கத்து ஹோட்டலில் தினமும் காபி குடிப்பார். அந்தக் காபி சாட்சாத் குழாய்த் தண்ணீரில் போட்டது. வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் காலை அலம்பிக்கொண்டு, வாயையும் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் சாதுவாக வந்து நிற்பார். ஆண்பிள்ளைகளின் ஆசாரம் மாம்பலம் ஸ்டேஷனோடு சரி. அடுப்படியில் இருக்கிற எங்களுக்குத்தான் இருபத்துநாலு மணி நேரமும்.

அடுத்த வருஷம் என் நாத்தனார் தலைப் பிரசவத்துக்கு வந்தாள். மாமனாருக்கு ஒரே பெண். கும்பகோணம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிடச் சின்னவள், எனக்குக் கூடப் பிறந்த தங்கை இல்லாத குறையைத் தீர்த்தவள். வாய் ஓயாது, சிரித்தால் நிற்காது. அப்பா என்றால் மட்டும் அவளுக்கு அடுத்த பேச்சே கிடையாது. அவருக்கும் அவள்மேல் உயிர். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் வந்த அன்றைக்கு, எழுபது வயதை நெருங்கின மனுஷர், தாமே கிணற்றடிக்குப் போய் மடியாக இறைத்து, வெள்ளிச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவர் நகர்ந்ததும், "மன்னி, இது என்ன, செத்த எலி மாதிரி நாத்தம் வரதே?" என்றாள்.

"உங்கப்பா கிணறு," என்றேன்.

"புது மண் வாசனையோ என்னமோ," என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு மீதியையும் குடித்தாள்.

மாதம் ஏறிக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஜுரம் பிடித்தது. முதலில் கஷாயம் கொடுத்தார்கள். ஜுரம் இறங்கவில்லை, வயிறு போக ஆரம்பித்தது. என் கணவர் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் அவளைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பிறகு எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டுக் கொல்லைக்கு வந்தார். கிணற்றுக்குள் குனிந்தவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"டைஃபாய்டு. இந்தத் தண்ணி ஒரு சொட்டு அவ வாய்க்குள்ள போகக் கூடாது," என்று மாமனாரிடம் நேராகவே சொன்னார். "தெருமுனையில குழாய் இருக்கு. அதைப் பிடிச்சு, கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் கொடுங்க. இந்த ஜுரம் போயிட்டுத் திரும்பி வரும் சார். வயித்துல குழந்தையை வச்சுண்டு இன்னொரு தரம் தாங்கமாட்டா. ரெண்டு உயிர்."

மாமனார் சாஸ்திரப் புஸ்தகங்களை எடுத்துப் புரட்ட உட்கார்ந்தார். பெண்ணா, மடியா என்று அவர் படுகிற வேதனையைப் பார்த்து எனக்கே இரக்கமாக இருந்தது. கடைசியில், மருந்தாகச் சாப்பிடுகிறதற்குத் தோஷமில்லை என்று சாஸ்திரத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். தோல் ஜலம் மருந்து ஆயிற்று. நோயாளிக்கு மட்டும். வாசல் அறையில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம். மற்றவர்களுக்கெல்லாம் கிணறுதான், எங்களுக்குத்தான் ஜுரம் இல்லையே.

கொண்டுவருகிற வேலை எனக்கு. தெருவில் யார் கண்ணிலும் படாமல் விடியுமுன் போய்விட்டு வரவேண்டும் என்று உத்தரவு. குழாயைத் தொட்டுவிட்டு வந்ததற்காக ஒவ்வொரு தரமும் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் சமையலறைக்குள் நுழையலாம். சுத்தமான தண்ணீரைத் தொட்ட பாவத்துக்குச் சாக்கடையில் முழுகினேன்.

ஆனால் அவள் பிழைத்தாள். ஜுரம் மெல்ல இறங்கிற்று. கண்ணில் ஒளி வந்தது. ஒரு நாள் மோர்சாதம் கேட்டாள், அப்புறம் ஊறுகாய் கேட்டாள், அப்புறம் பழையபடி என்னைக் கேலி பண்ண ஆரம்பித்தாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்து, "உதைக்கறான் பாருங்கோ மன்னி. ஊறுகாய் பத்தலையாம்," என்றாள். அந்தக் குழந்தை என் உள்ளங்கையில் உதைத்தது. தண்ணீரை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார்.

மாமனார் அதைக் கேட்டுக்கொண்டார். நோய் போய்விட்டது, அதனால் மருந்தும் நின்றுவிட வேண்டும் என்று அவர் தமக்குள் தீர்ப்பு எழுதிவிட்டார். அது மட்டுமா, இத்தனை நாள் தோல் ஜலம் உள்ளே போனதற்குப் பிராயச்சித்தம் வேண்டும். நல்ல நாள் பார்த்து சாஸ்திரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். பஞ்சகவ்யத்தைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்து அவள் குடிக்கவேண்டும், அன்றையிலிருந்து எல்லோரையும் போலக் கிணற்றுத் தண்ணீருக்குத் திரும்பவேண்டும்.

என் கணவரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட யார் பேசறது?" என்றார். அன்றைக்கு ஆபீஸுக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினார். மாமியாரிடம் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளே தவிர, கூடத்துக்குப் போகவில்லை. கடைசியில் நானே மாமனாருக்கு எதிரில் போய் நின்றேன். அதுவரை அவருக்கு நேராக நின்று நான் பேசினதில்லை.

"டாக்டர் வேண்டாம்னு சொல்லியிருக்கார், அப்பா. பிரசவம் ஆற மட்டுமாவது குழாய் ஜலமே குடிக்கட்டுமே."

"டாக்டர் மாம்ச பிண்டத்தைப் பார்க்கறார். நான் அவளோட ஜன்மத்தைப் பார்க்கறேன்," என்றார். கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாத்தனாரிடம் போனேன். "குடிக்காதேடி. வாயிலே வாங்கிண்டு துண்டிலே துப்பிடு," என்று கெஞ்சினேன்.

"அப்பா பார்த்துண்டே இருப்பார் மன்னி. ஒரு உத்தரணிதானே," என்று சிரித்தாள். "அவர் மனசு நிம்மதியா இருக்கட்டும்."

மஞ்சள் புடைவை கட்டிக்கொண்டு, பெரிய வயிற்றோடு மணையில் உட்கார முடியாமல் உட்கார்ந்தாள். பச்சையும் பழுப்புமாகக் கலங்கின அந்தத் தண்ணீரைக் கையில் விட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினாள். தொண்டை ஏறி இறங்கிற்று. மறுபடி கையை நீட்டினாள். மாமனார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ அருவருப்புகளைப் பார்த்திருக்கிறேன், பூட்ஸுக்குள் நெளிந்த புழுவையும் சேர்த்து. அந்தச் சந்தோஷத்தைப் போல எதுவும் என்னைக் கூச வைத்ததில்லை.

ஜுரம் திரும்பி வந்தது. இந்தத் தரம் கிணற்றுத் தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று யாரும் விவாதம் செய்ய நேரம் இருக்கவில்லை. குழந்தை உயிரில்லாமல் பிறந்தது, ஆண். அதற்கு மறுநாள் அவளும் போய்விட்டாள். கடைசியில் என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

துக்கம் கேட்க மயிலாப்பூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். தீட்டெல்லாம் கழிந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் கூடம் நிறையப் பெரியவர்கள். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். மாமனார் தூணில் சாய்ந்துகொண்டு, குரல் தழுதழுக்கச் சொன்னார்.

"என் தப்புதான். பெத்த பாசத்துலே இடம் கொடுத்துட்டேன். தோல் ஜலம் உள்ளே போயிடுத்து. அது வேலையைக் காட்டிடுத்து."

எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உச்சுக் கொட்டினார்கள். காலம் கெட்டுப்போச்சு என்றார் ஒருவர். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஹோட்டல் காபியும் மாமனாரின் தோல் ஜலமும் ஒரே குழாய் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அவர் சொல்லப்போவதில்லை.

"குழாய் ஜலம் குடிச்ச வரைக்கும் அவ பொழைச்சிருந்தா," என்றேன். "பூட்ஸும் எலும்பும் ஊறின கிணறு அது. நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தேள். அதைக் குடிக்க வச்சுக் கொன்னேள். ஒரு உயிர் இல்லை, ரெண்டு."

யாரோ "சிவ சிவா" என்றார்கள். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்தாள். மாமனார் என் பக்கம் திரும்பவே இல்லை. தூணைப் பார்த்துச் சொல்வது போல, "துக்கத்துலே சித்தம் கலங்கியிருக்கு. கிணத்தடிக்குப் போய்த் தலைக்கு ரெண்டு வாளி விட்டுக்கச் சொல்லுங்கோ. தெளிஞ்சுடும்," என்றார்.

நான் கொல்லைப் பக்கம் போகவில்லை. கூடத்தின் நடுவாக, அத்தனை பேரையும் தாண்டி, வாசலில் இறங்கினேன். பட்டப்பகல். செம்மண் தெரு காலைச் சுட்டது. தெருமுனைக் குழாயடியில் கட்டட வேலைக்கு வந்த சித்தாள் பெண்கள் குடம் வைத்துக்கொண்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். குழாயைத் திருகி, குனிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தேன். மூச்சு முட்டுகிற வரைக்கும் குடித்தேன். புடைவையெல்லாம் நனைந்தது.

அவர்களில் ஒருத்தி, வயதானவள், என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, ஐயரூட்டுப் பொண்ணு இங்க வந்து குடிச்சிகினு கீறே? உங்க ஊட்லதான் கெணறு கீதே."

"அந்தக் கிணறு எங்காத்துப் பொண்ணைக் கொன்னுடுத்து," என்றேன்.

"ஐயோ, பாவமே!" என்று அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "உயுந்துடுச்சாம்மா?"

"விழல்லே," என்றேன். "குடிச்சா."